பாட்டி பெயர் பேத்திக்கு: பெண் குழந்தைக்குச் சின்னதாக ஒரு பழம்பெயர் தேர்ந்தெடுக்கும் வழி

பேத்தி என்ற சொல் 'பெயர்த்தி'யிலிருந்து வந்தது. பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் பேத்தி, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பேரன். நம் வீடுகள் பலவற்றில் ஒரு தலைமுறைக்கு முன்பே இந்தத் தொடர்ச்சி விட்டுப்போனது. பாட்டி பெயர் பட்டிக்காட்டுப் பெயராகத் தோன்றிய காலம் அது. இப்போது கர்ப்பிணிப் பெண்களே வந்து, "ரெண்டு மூணு எழுத்துல, பழைய பேரா ஒண்ணு சொல்லுங்கக்கா" என்று கேட்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். என் மகளுக்குப் பெயர் தேடி நானும் ஐந்து மாதம் அலைந்திருக்கிறேன். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அது அவளுடைய சொத்து. தேடிய வழியை மட்டும், முதல் குழந்தைக்குப் பெயர் வைக்கப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். பெயர்ப் பட்டியல்களைக் கடைசியில் திறந்தால் போதும். அந்தப் பெயரோடு ஒருத்தி வாழ்ந்திருக்கிறாள் என்பதுதான் பழம்பெயரின் அருமை. அப்படி ஒருத்தி உங்கள் குடும்பத்திலேயே இருப்பாள்.

முதலில், நாள் கணக்கு

அவசரத்தில் வைத்துவிட்டு வருந்தும் பெயர்கள் நிறைய. பிறப்பைப் பதிய 21 நாள் கெடு உண்டு. மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே பதிந்துவிடுவார்கள். ஆனால் அந்த 21 நாளுக்குள் பெயரையும் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுப் பதியலாம். பிறகு பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்க இடமுண்டு. ஆனால் அவ்வளவு தூரம் தள்ளிப்போட வேண்டாம். 1.10.2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவது பெரிய அலைச்சல்.

தொட்டில் போடும் நாளில் காதில் சொல்ல ஒரு பெயர் வேண்டுமே என்று பதறுகிறவர்கள், அன்று குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, பதிவுப் பெயரை நிதானமாக யோசிக்கலாம். எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது.

பரணில் தேடுங்கள்

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமிருந்து தொடங்குங்கள். "உங்க அம்மா பேரு என்ன? அவங்க அம்மாவுக்கு?" என்று கேட்டால் ஆண்கள் இரண்டு தலைமுறையில் நின்றுவிடுவார்கள். அத்தைகளும் பெரியம்மாக்களும் நான்கு தலைமுறை சொல்வார்கள். ஆகவே அவர்களிடம் உட்காருங்கள், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு.

பிறகு பரண். பழைய பித்தளைக் குடம், சொம்பு, எவர்சில்வர் தூக்கு இவற்றின் கழுத்தில் பெயர் வெட்டியிருக்கும். சீதனமாக வந்த பாத்திரத்தில் பெண்ணின் பெயரே இருக்கும். மஞ்சள் தடவிய பழைய கல்யாணப் பத்திரிகைகள், நிலப் பத்திரங்கள், பழைய குடும்ப அட்டை எல்லாவற்றையும் பாருங்கள். பத்திரத்தில் 'மனைவி' என்று மட்டும் சொல்லிப் பெயரை விட்டிருப்பதும் உண்டு. அந்த இடத்தில் எனக்கு மனம் கனத்தது. தண்ணீர் சுமந்த குடத்தில் பெயர் இருக்கிறது, நிலத்தின் பத்திரத்தில் இல்லை.

நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு குறிப்பு எழுதுங்கள். அவரை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள்? அந்தப் பெயர் ஏன் வந்தது?

இரண்டாவது கேள்வி முக்கியம். சில பழம்பெயர்களில் துயரம் இருக்கிறது. அடுத்தடுத்துப் பெண்ணாகவே பிறந்த வீட்டில் 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்று பெயரிட்ட வழக்கம் நம்மிடம் இருந்தது. உங்கள் கொள்ளுப்பாட்டிக்கு அந்தப் பெயர் இருந்திருந்தால் அவரை மறைக்காதீர்கள். ஆனால் அந்தச் சொல்லை இன்னொரு குழந்தையின் தலையில் ஏற்றவும் வேண்டாம். அப்படிப்பட்டவரையும் பிள்ளைகளும் தங்கைகளும் பாசத்தோடு வேறு ஏதோ சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டு வாங்கிப் பேத்திக்கு வையுங்கள். அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை அதுதான் என்று நான் நம்புகிறேன்.

குப்பம்மா, பிச்சை போன்ற பெயர்களின் கதை வேறு. முன்பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, யார் கண்ணும் படாதிருக்க வைத்த பெயர்கள் அவை. பயத்திலும் அன்பிலும் பிறந்தவை. இன்று பள்ளியில் அந்தப் பெயரோடு குழந்தை படும் பாட்டை நினைத்தால் பதிவுப் பெயராக வைக்கத் தயக்கம் வருவது நியாயமே. கதையை மட்டும் மகளுக்குச் சொல்லி வளருங்கள்.

நீளப் பெயருக்குள் இருக்கும் சின்னப் பெயர்

"எங்க பாட்டி பேரெல்லாம் ரொம்ப நீளங்க" என்று பலர் பின்வாங்குகிறார்கள். அந்த நீளத்தை நம் முன்னோர் என்றுமே முழுதாகக் கூப்பிட்டதில்லை. காமாட்சி காமு ஆனாள், ருக்மிணி ருக்கு, விசாலாட்சி சாலா அல்லது விசாலம், கோமதி கோமு, பர்வதவர்த்தினி பர்வதம், தர்மாம்பாள் தர்மு. அலமேலு என்பதே சுருக்கம்தான். 'அலர்மேல் மங்கை', அதாவது பூவின்மேல் வீற்றிருப்பவள், தேய்ந்து அலமேலு ஆனது. அதையும் தேய்த்து அலமு ஆக்கினார்கள்.

கூப்பிடும் பெயரே ஊரறிந்த பெயராக நிலைத்ததும் உண்டு. கர்நாடக இசையின் டி.கே. பட்டம்மாளுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் அலமேலு. வீட்டில் பட்டா என்று கூப்பிட்டதிலிருந்து பட்டம்மாள் வந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி வீட்டில் குஞ்சம்மா. பாலசரஸ்வதி நாட்டிய உலகம் முழுவதற்கும் பாலா.

குடும்பத்தில் பெயர் கிடைக்காதவர்களுக்கு நான் காட்டும் இடம் சொந்த ஊர்க் கோயில். அம்மன் பெயர்கள் நீளமானவை, ஆனால் உள்ளே அழகான துண்டுகள் இருக்கின்றன. நாகப்பட்டினம் நீலாயதாட்சியில் நீலா. திருச்சி மலைக்கோட்டை மட்டுவார்குழலியிலும், குற்றாலம் குழல்வாய்மொழியிலும் குழலி. கும்பகோணம் மங்களாம்பிகையில் மங்களம். மயிலாப்பூர் கற்பகாம்பாளில் கற்பகம். திருவொற்றியூர் வடிவுடையம்மனில் வடிவு. இந்த வடிவு எனக்கு மிகவும் பிடித்த பெயர். நெல்லைப் பக்கம் பாட்டிகளின் பெயர், இலங்கைத் தமிழில் இன்றும் அழகு என்பதற்கு அன்றாடச் சொல். சங்கரன்கோவில் பக்கத்து ஆவுடையும் அப்படி ஒரு கம்பீரமான பெயர். செங்கோட்டை ஆவுடையக்காளின் வேதாந்தப் பாடல்களைப் பெண்கள் வாய்வழியே காப்பாற்றி வந்தார்கள்.

எப்படிச் சுருக்குவது என்றால், முதலில் வாலை எடுங்கள். அம்மாள், ஆயி, அம்பிகை, நாயகி எல்லாம் மரியாதைக்காகச் சேர்ந்தவை. வல்லி என்றால் கொடி, அது அழகுக்காகச் சேர்ந்தது. மிச்சம் நிற்பது தனியாகப் பொருள் தருகிறதா என்று பாருங்கள். கனகவல்லியில் கனகம் நிற்கிறது, அதற்குப் பொன் என்று பொருள். சிலவற்றில் முன்பாதியை விட்டுப் பின்பாதியை எடுப்பதுதான் அழகு, குழலி அப்படி வந்ததுதான். காந்திமதியில் முன்பாதியை எடுத்தால் காந்தி, பெண்ணுக்குப் பொருந்தாது. பின்பாதி மதி.

கிறிஸ்தவ வீடுகளில் ரூத், எஸ்தர், ஞானம், அன்னம் என்று பாட்டிமார் பெயர்கள் ஏற்கெனவே சின்னவை. முஸ்லிம் வீடுகளில் ஆமினா, மரியம், கதீஜா போன்றவை எந்தத் தலைமுறையிலும் பழசாகாதவை. அங்கே சுருக்கும் வேலையே இல்லை, எந்தப் பாட்டியின் பெயர் என்று முடிவு செய்வதுதான் வேலை.

இன்னும் பின்னால் போக விரும்பினால்

பாட்டி காலத்தையும் தாண்டி இலக்கியத்துக்குப் போகிறவர்களும் உண்டு. கோதை, ஆண்டாளின் பெயர். ஆதிரை, மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள். திருவாதிரையில் பிறந்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியாது. வள்ளி குறிஞ்சி நிலத்துப் பெண், முருகனின் துணை. தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று 1914-இல் பதினாறு வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையின் பெயரும் அதுவே. குந்தவை முதலாம் ராஜராஜனின் அக்காள்.

சங்கப் பெண்பாற் புலவர்களில் நன்முல்லையாரிடமிருந்து முல்லையை எடுக்கலாம். ஆதிமந்தியார், நச்செள்ளையார், நப்பசலையார் பெயர்களை அப்படியே எடுக்க முடியாது. மந்திக்கு இன்று பெண்குரங்கு என்ற பொருளே நிற்கிறது.

தனித்தமிழ் இயக்கத்துக்குப் பின் வந்த மலர்விழி, கயல்விழி, பூங்கொடி, தமிழ்ச்செல்வி தலைமுறையும் இப்போது பாட்டிகளாகிவிட்டது. மலர், கயல், செல்வி மூன்றும் இனிப் பாட்டி பெயர்கள்தான்.

சொல்லின் நிழலைப் பாருங்கள்

சின்னப் பெயருக்கு ஓர் ஆபத்து. நீளப் பெயர் பெயராக மட்டும் இருக்கும். இரண்டெழுத்துப் பெயர் வேறு ஏதாவது சொல்லாகவும் இருக்கும். பொன்னி காவிரியின் பெயர், அரிசிக் கடையில் அதுவே அரிசி. மல்லி பூக்கடையில் பூ, மளிகைக் கடையில் கொத்தமல்லி விதை. தையல் என்றால் பெண், வைத்தீஸ்வரன்கோயில் தையல்நாயகியின் பெயர், ஆனால் குழந்தைகளுக்குத் தையல் மெஷின்தான் நினைவுக்கு வரும். வஞ்சி கொடியும் ஆகும், வஞ்சிப்பதும் ஆகும். அல்லி அழகான பெயர். யாராவது ஒருவர் 'அல்லி ராஜ்யம்' என்று சொல்லிச் சீண்டாமல் இருக்க மாட்டார். என்னைக் கேட்டால் அதற்காக அல்லியை விட வேண்டாம். ஆட்சி செய்த ஒருத்தியின் பெயர் என்று மகளிடம் சொல்லிக்கொள்ளலாம். நீலா வைக்கலாம், நீலி வேண்டாம். பழையனூர் நீலி கதையும் நீலிக் கண்ணீரும் அந்தப் பெயரை விடாது.

கிராம தெய்வப் பெயர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேச்சி, இசக்கி, ராக்கு, மாரி ஆகியவை சின்னவை, பழையவை, வலுவானவை. பேச்சி கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் காக்கும் தாய். சினிமாவும் பயமுறுத்தும் கதைகளும் சேர்ந்து அந்தப் பெயர்மீது பேயின் நிழலை விழவைத்துவிட்டன. இப்பெயர்களைக் கேட்டவுடன் ஊரையும் சாதியையும் ஊகிக்கிறவர்களும் இருக்கிறார்கள். குலதெய்வம் அதுவாக இருந்து, தைரியமாக வைக்க நினைத்தால் நான் கைதட்டுவேன். ஆனால் அந்த ஊகங்களைப் பள்ளியில் எதிர்கொள்ளப்போவது குழந்தை. ஆகவே கணவன் மனைவி இருவரும் மனமொத்து முடிவெடுங்கள்.

வாசலில் நின்று கூப்பிடுங்கள்

நோட்டில் ஐந்தாறு பெயர் தேறியதும் வாசலில் நின்று, தெருமுனையில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். இ, ஆ என்று முடியும் பெயர்கள் நீளும்: "வள்ளீ...", "நீலாஆ...". ம் என்று முடிபவை நீளாது. "கனகம்..." என்று இழுக்க முடியாமல் கனகா என்றோ கனகம்மா என்றோ மாறிவிடும். ஐ என்று முடிபவை பேச்சில் தேயும். முல்லையை எல்லாரும் 'முல்ல' என்பார்கள், கோதை 'கோத' ஆகும். அந்தத் தேய்ந்த ஒலியும் பிடித்திருந்தால் மட்டும் வையுங்கள், நாள் முழுக்க அதைத்தான் கேட்கப்போகிறீர்கள்.

அடுத்து வேற்றுமை உருபைச் சேர்த்துப் பாருங்கள். 'வள்ளியோட பை', 'குழலிக்குப் பால்' சரியாக வருகிறது. 'பங்கஜத்தோட பை', 'கற்பகத்துக்குப் பால்' என்று வரும்போது நடுவில் 'அத்து' நுழைகிறது. சிலருக்கு அது இனிமை, சிலருக்குப் பொருளைச் சொல்வதுபோல் இருக்கும். ல, ள, ழ பேதம் உங்கள் வீட்டார் வாயில் எப்படி வருகிறது என்பதையும் கவனியுங்கள். குழலியைக் 'குளலி' என்று சொல்லும் பாட்டியைத் திருத்திக்கொண்டே இருக்க முடியாது.

திட்டியும் பாருங்கள். ஆமாம், கோபமாக. பழைய வீடுகளில் மருமகள் மாமியார் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். பிள்ளைக்கு அதே பெயர் என்றால் அதட்டவும் முடியாது. அதனால்தான் பதிவில் ஒரு பெயர், வீட்டில் பாப்பா, அம்மு, தங்கம் என்று இன்னொரு பெயர். மாமியார் பெயரை வைக்கப்போகிறீர்கள் என்றால் வீட்டுப் பெயரையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள்.

காகிதத்தில் எழுதிப் பாருங்கள்

சின்னப் பெயரோடு முன்னெழுத்து ஒட்டிக்கொள்ளும். அப்பா பெயர் சுந்தரம், மகள் பெயர் மதி என்றால் சு. மதி, படிக்கிறவருக்குச் சுமதி. கோபால் மகள் கோ. மதி, கோமதி ஆகிவிடுவாள். 2021 டிசம்பரில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. ஆகவே தமிழ் முன்னெழுத்தோடு எழுதிப் பார்ப்பது அவசியம். அம்மாவின் முன்னெழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். பல சமயம் அதிலேயே சிக்கல் தீர்ந்துவிடும். சில சேர்க்கைகள் வரமாகவும் அமையும்: மாணிக்கத்தின் மகள் மலர், மா. மலர்.

ஆங்கில எழுத்துக்கூட்டலை அன்றே ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். கோதை, ஆதிரை போன்றவற்றை மூன்று நான்கு விதமாக எழுதலாம். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்றால் பின்னால் அலைச்சல். விண்ணப்பத்தில் தமிழ்ப் பெயரையும் சரிபாருங்கள். கணினி தானாக மாற்றும்போது வள்ளி 'வல்லி'யாகவும் அல்லி 'அள்ளி'யாகவும் வந்துவிடும். எங்கள் மகளின் சான்றிதழில் ஓர் எழுத்து அப்படித்தான் பிசகியது. கவனிக்காமல் கையெழுத்துப் போட்டு, அதைத் திருத்த நான்கு முறை நடந்தேன்.

பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால் இரண்டெழுத்துப் பெயர் மட்டும் தனியே நிற்கும். ஒற்றைப் பெயர் கொண்ட பாஸ்போர்ட்டோடு வரும் சுற்றுலாப் பயணிகளை 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் தடுத்தது. அப்பா பெயரையோ அம்மா பெயரையோ அந்தக் கட்டத்தில் நிரப்புவது நல்லது.

நட்சத்திர எழுத்தும் பெரியவர்களும்

ரோகிணிக்கு வ, வி உண்டு. வள்ளி, வடிவு, விசாலம் எல்லாம் பொருந்தும். மகத்துக்கு ம, மீ, மு. மங்களம், மீனா, முல்லை. அஸ்தத்துக்குச் சொல்லும் எழுத்துகளில் ஷ-வும் ட-வும் வரும், அவற்றில் தொடங்கும் தமிழ்ப் பழம்பெயர் கிடையாது. நல்ல வேளையாகப் பூவும் உண்டு. எழுத்து எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் காதில் சொல்லும் பெயரை அந்த எழுத்தில் வைத்துவிட்டு, பதிவுப் பெயரை மனதுக்குப் பிடித்ததாக வையுங்கள். ஜோசியர்களே இதற்குச் சம்மதிப்பார்கள்.

பெயருக்குரிய பாட்டி உயிரோடு இருந்தால் அவரிடம் நேரில் கேட்காமல் வைக்காதீர்கள். சில குடும்பங்களில் இருக்கிறவர் பெயரை வைப்பது பெருமை, சிலவற்றில் ஆகாது. இரு பக்கப் பாட்டிகளும் ஆசைப்பட்டால் ஒருவர் பெயர் பதிவுக்கு, இன்னொருவர் பெயர் வீட்டுக்கு. இரண்டையும் ஒட்டி எட்டெழுத்துப் பெயராக்கினால் சின்னப் பெயர் தேடியதே வீணாகிவிடும்.

தேறிய கடைசி இரண்டு பெயர்களில் எது என்று தெரியாமல் நிற்பீர்கள். குழந்தை பிறக்கும் வரை அப்படியே வைத்திருங்கள். பிறந்த பின் ஒரு வாரம் ஒன்றைச் சொல்லியும், மறு வாரம் மற்றதைச் சொல்லியும் பால் கொடுங்கள், தாலாட்டுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் வாரத்தின் நான்காம் நாள், நடு இரவில், தூக்கக் கலக்கத்தில் என் வாயில் தானாக வந்தது முதல் வாரத்துப் பெயர். விடிந்ததும் பதிந்துவிட்டோம்.